சிந்தாமணிநாதர் வாசல் முதல் குற்றால அருவி வரை

அதிகாலை நாலே முக்காலுக்கு வாசுதேவநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இறங்கியதும் மேல்காற்று முகத்தில் அறைந்தது. ஆனி மாதம். மலை இன்னும் இருட்டுக்குள் இருந்தது. ஆனாலும் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று காற்றே சொல்லிவிட்டது. குற்றாலத்தில் சாரல் கட்டும் நாட்களில் எங்கள் ஊருக்கு மழை பெரிதாக வருவதில்லை; காற்று மட்டும் தவறாமல் வந்துவிடும். சாலையோர டீக்கடையில் பாய்லர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று தென்காசிப் பக்கம் போனது.

என் பையில் ஒரு ஜோடி ஷூ, ஒரு நோட்டு, சிவப்பு நாடா கோத்த ஒரு மெடல். மெடல் அம்மாவிடம் காட்டுவதற்கு. ஷூவும் நோட்டும் வேறொரு வேலைக்கு.

கடந்த ஜனவரியில் சென்னை மாரத்தானில் 42.195 கிலோமீட்டரை 4 மணி 52 நிமிடத்தில் ஓடி முடித்தேன். பன்னிரண்டு வருட ஆசை அது. முப்பத்து நாலு வயதில், ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வாரம் ஓட ஆரம்பித்தவன் நான். முதல் முறை பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு, முழங்கால் வலியால் கிளம்பவே முடியவில்லை. இரண்டாம் முறை முப்பதாவது கிலோமீட்டரில் கால் இரண்டும் கல்லாகிப்போய்ப் பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் முறைதான் முடித்தேன். கோட்டைத் தாண்டியதும் அழுகை வந்தது. அழுததில் எனக்கு வெட்கம் இல்லை.

மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒருநாள் நாலரைக்கு அலாரம் அடித்தது. எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை.

உடன் ஓடுகிறவர்களிடம் சொன்னேன். அடுத்த முறை நாலரை மணிக்குள் முடியுங்கள் என்றார் ஒருவர். லடாக்கில் கார்துங் லா கணவாய் வழியாக 72 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது என்றார் இன்னொருவர். தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தைச் சொன்னவரும் உண்டு. அது 90 கிலோமீட்டரைத் தொடும். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. நான்தான் அவசரப்பட்டேன். பிப்ரவரி முடியுமுன்பே தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஏப்ரலில் முன்னங்கால் எலும்பில் வலி கண்டது. ஆறு வாரம் மாடிப்படி இறங்கக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆறு வாரத்தில்தான் ஊர் ஞாபகம் வந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகக் குற்றாலம் போனால் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். சின்ன வயதில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் போன பாதை. அதை ஓட முடியுமா என்று ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன்.

முந்நூறு மீட்டர் சுற்று

அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஐந்தே காலுக்குப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். கால் எப்படி இருக்கிறது என்று யாரும் இல்லாத இடத்தில் நாலு சுற்று ஓடிப் பார்க்கும் எண்ணம். ஆனால் அந்த நேரத்திலேயே முப்பது பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள்.

சுண்ணாம்புத் தூளால் கோடு போட்ட வட்டம். கயிறு பிடித்து அளந்து, ஒரு சுற்று முந்நூறு மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். ஐந்து சுற்று ஓடினால் 1500 மீட்டர். பையன்கள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். ஏழெட்டுப் பேருக்குக் காலில் ஷூ இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் கழுத்தில் ஸ்டாப்வாட்சும் கையில் நோட்டுமாக நின்றார். காவல்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசு வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் இதில் ஒரு விநாடி பிந்தினால் வெளியேதான். ராணுவத்துக்குப் போகிறவர்களுக்கு 1.6 கிலோமீட்டர்; முழு மதிப்பெண் வேண்டுமானால் ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இதைப் 'பிசிக்கல்' என்று ஒரே சொல்லில் சொல்கிறார்கள். இந்த மைதானத்தில் யாரும் ஆரோக்கியத்துக்காக ஓடவில்லை. வேலைக்காக ஓடுகிறார்கள்.

பெரியவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி எந்த ஊரு?"

"இதே ஊர்தான். சென்னைல இருக்கேன்."

"ஓடுவீயளோ?"

மாரத்தான் ஓடியதைச் சொன்னேன். பையன்கள் சுற்றி வந்துவிட்டார்கள். "நாப்பத்திரெண்டு கிலோமீட்டரா! நம்ம கிரவுண்டுல எத்தனை ரவுண்டு சார் வரும்?" என்று ஒருவன் கேட்டான். பக்கத்தில் நின்ற பெண் வாய்க்கணக்காகவே போட்டுவிட்டாள். "நூத்தி நாப்பது ரவுண்டு. அதுக்கு மேலயும் கொஞ்சம்."

பெரியவர் சிரித்தார். "அப்ப இவனுவகூட அஞ்சு ரவுண்டு ஓடிப் பாருங்க."

ஓடினேன். முதல் சுற்றில் அவர்களோடேயே போனேன். இரண்டாவது சுற்றில் இடைவெளி விழுந்தது. மூன்றாவதில் நெஞ்சு அடைத்து, வாயில் துருப்பிடித்த இரும்பின் ருசி வந்தது. மாரத்தானில் எனக்கு இப்படி மூச்சு முட்டியதே இல்லை. முடித்தபோது பெரியவர் சொன்ன கணக்கு 7 நிமிடம் 38 விநாடி. எனக்கு முன்னால் பதினாறு பேர் முடித்திருந்தார்கள்.

மாரத்தானில் நான் ஒரு கிலோமீட்டருக்கு எடுத்துக்கொண்டது 6 நிமிடம் 55 விநாடி. ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. இரண்டும் ஓட்டம்தான். ஆனால் உடம்பிடம் கேட்கும் கேள்வி வேறு. நீண்ட தூரம், கொழுப்பையும் சர்க்கரையையும் சிக்கனமாக எரித்துப் பல மணி நேரம் தாங்கச் சொல்கிறது. 1500 மீட்டர், ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனை உள்ளே இழுத்துத் தசைக்குக் கொண்டுபோக முடியும் என்று கேட்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு அந்தத் திறன் பத்து வருடத்துக்குச் சுமார் பத்து சதவீதம் வீதம் குறைகிறது. தொடர்ந்து வேகப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகிறது. பன்னிரண்டு வருடமும் நான் தூரத்தை மட்டுமே கூட்டிக்கொண்டு வந்தேன். நாற்பத்தாறு வயதில் என்னிடமிருந்து என்ன நழுவிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

"நீளம் உங்களுக்கு வந்துட்டு அண்ணாச்சி. வேகம் வரல. இனிமே அதப் பாருங்க" என்றார் பெரியவர்.

பிறகு அவருடைய நோட்டைக் காட்டினார். நாற்பது பக்க நோட்டு. பென்சிலால் கோடு கிழித்துக் கட்டம் போட்டிருந்தது. இடது ஓரத்தில் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக வாரவாரம் எடுத்த நேரம். ஒரு பையனின் வரிசையைப் படித்தேன். 8.10. 7.52. 7.31. 7.18. 7.09. 7.04. அன்று அவன் ஓடியது 7.02. பெரியவர் அதைக் கட்டத்தில் எழுதினார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. குழாயடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். ஏழு மணிக்கு எலுமிச்சைத் தோப்பில் பழம் பறிக்கும் வேலை. ஒன்றரை மாதமாக அவன் பாடுபட்டுக் குறைத்தது அறுபத்தெட்டு விநாடி. இன்னும் இரண்டு விநாடி பாக்கி இருந்தது.

யார் அளந்த தூரம்?

வெயில் ஏறுமுன் கோயிலுக்குப் போனேன். சிந்தாமணிநாதர் கோயிலில் மூலவரே அர்த்தநாரீசுவரர். ஒரு பாதி அப்பன், ஒரு பாதி அம்மை. கும்பிட்டுவிட்டு வெளித் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் 42.195 என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டு வருடம் எனக்கு மந்திரமாக இருந்த எண்.

அந்த எண் வந்த கதை ஓடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தான் சுமார் 40 கிலோமீட்டர். 1908-இல் லண்டனில், வின்ட்சர் கோட்டையில் கிளம்பி, விளையாட்டரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடியும்படி பாதை போட்டார்கள். அதை அளந்தால் 42.195 வந்தது. அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் வேறு வேறு தூரம் ஓடினார்கள். 1921-இல்தான் லண்டன் தூரமே இனி நிலையானது என்று முடிவானது. ஆக, உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ஆசைப்பட்டு ஓடும் இந்தத் தூரம், ஒரு ராஜா வீட்டு வாசலிலிருந்து அவர்கள் உட்கார்ந்த இடம் வரைக்கும் உள்ள தூரம்.

இந்த மண்ணுக்கு ராஜா வீட்டுக் கணக்கு அவ்வளவு எளிதில் ஒத்துவந்ததில்லை. இங்கே கோட்டை வைத்திருந்த பூலித்தேவர், 1755-இல் கம்பெனிப் படையோடு கர்னல் ஹெரான் கப்பம் கேட்டு வந்தபோது மறுத்தவர். அவருடைய நெற்கட்டும்செவல் எங்களுக்குப் பக்கத்து ஊர். 42.195-ஐ நான் மதிக்கிறேன். அதை ஓடி முடித்ததில் பெருமையும் உண்டு. ஆனால் என் ஊர்க் கோயில் வாசலில் தொடங்கிக் குற்றாலநாதர் கோயிலுக்குப் பக்கத்து அருவியில் முடியும் ஒரு தூரம் அதற்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை என்று அந்தத் திண்ணையில் வைத்துத் தோன்றியது. நோட்டில் இரண்டாவது பக்கத்தைப் புரட்டி, 'சிந்தாமணிநாதர் வாசல் முதல் குற்றால அருவி வரை' என்று எழுதினேன்.

புளியங்குடி வரை

பாதையைப் பற்றி முதல் நாள் சாயங்காலமே பக்கத்து வீட்டு விவசாயியிடம் விசாரித்தேன். மலையடிவாரத்தை ஒட்டிய தோப்புப் பாதைகளில் போனால் லாரித் தொல்லை இருக்காது என்பது என் கணக்கு. அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "வெளிச்சம் வராம அந்தப் பக்கம் போகாதீய தம்பி. ஆனை நிக்கும்." தென்னையையும் வாழையையும் தேடி யானைகள் இறங்கிவரும் அடிவாரம் இது. அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நெடுஞ்சாலைதான் என்று முடிவானது.

மறுநாள் ஐந்தரைக்குக் கோயில் வாசலில் கிளம்பினேன். பின்னால் அக்கா மகன் பைக்கில் வந்தான். "மாமா, நீங்க ஓடுங்க. லாரி வந்தா நான் ஹாரன் அடிக்கேன்" என்றான். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இது. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரிகள் விடிய விடியப் போகும். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வலது ஓரமாகவே ஓடினேன். தார் முடிந்து மண் தொடங்கும் இடம் காலுக்கு மெத்தென்று இருந்தது. முன்னங்கால் வலி கண்டவனுக்கு அந்த மண் ஒரு வரம். ஆனால் வாய்க்கால் பாலம் வரும் இடங்களில் மண் ஓரமே இல்லை. கைப்பிடிச் சுவரும் லாரியும் ஓடுகிறவனும் ஒரே இடத்துக்குப் போட்டி போட வேண்டும். அப்படிப்பட்ட இடங்களை மருமகன் போனில் குறித்துக்கொண்டே வந்தான்.

தெற்கு நோக்கி ஓடும்போது மேல்காற்று வலது தோளில் அடித்துக்கொண்டே இருந்தது. செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடரில் விழுந்திருக்கும் இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் நுழைகிறது. தெற்கே போகப் போக அது பலக்கும். விடிந்தபோது மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. கீழே குளம், வயல், கரும்பு, தென்னை. வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, பின்னால் வந்த பைக்கைப் பார்த்து, "வண்டி இருக்கும்போது அவுக ஏன் ஓடுதாக?" என்று கேட்டாள். மருமகன் சொன்ன பதில் எனக்கு எட்டவில்லை.

ஒரு மணி நேரத்தில் புளியங்குடி வந்துவிட்டது. எட்டு கிலோமீட்டர் இருக்கும். வலி இல்லை.

தமிழ்நாட்டில் எலுமிச்சை என்றால் புளியங்குடி. சந்தையில் மஞ்சளும் பச்சையுமாகக் குவியல்கள். சாக்கு மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு வியாபாரி நான் வியர்த்து நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு பழத்தை நறுக்கி உப்பைத் தொட்டுக் கையில் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. மருமகன் பையில் இருந்த கருப்பட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். நகரத்தில் பளபளக்கும் உறையில் விற்கும் ஜெல்லில் இருப்பதும் இந்த இரண்டும்தான்: சர்க்கரை, உப்பு.

ஓடுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நம் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச்சத்து சுமார் 2000 கலோரி. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ எடை உள்ள நான் முப்பது கிலோமீட்டர் ஓடும்போது அந்தச் சேமிப்பு தீர்ந்துபோகும். முன்பு ஒருமுறை நான் உட்கார்ந்துவிட்ட இடம் அதுதான். இந்தப் பாதையில் அந்த முப்பதாவது கிலோமீட்டர் கடையநல்லூர் தாண்டி, தென்காசிக்கு முன்னால் எங்கோ ஒரு வயல்வெளியில் வரும். அதற்கு முன்பே, கிளம்பியதிலிருந்து முக்கால் மணிக்கு ஒருதரம், பழமோ கருப்பட்டியோ உள்ளே போயிருக்க வேண்டும். தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி மயக்கம், வலிப்பு வரை போகும். எலுமிச்சையும் உப்பும் விளையும் சீமையில் பிறந்தவனுக்கு இதற்காக வெளியே தேட வேண்டியதில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கூட்டிக்கொண்டே போகாத ஒருவர்

மருமகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புளியங்குடியில் தென்காசி பஸ் ஏறினேன். மீதிப் பாதையைக் கண்ணால் அளந்துகொண்டு போனேன். சொக்கம்பட்டி, கடையநல்லூர், இடைகால். வாசல்களில் பெண்கள் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். விரல் நிற்கவே இல்லை; பேச்சும் நிற்கவில்லை. கடையநல்லூர்க் கடைத்தெருவில் ஓடுவது எட்டு மணிக்கு மேல் நடக்காத காரியம். அதற்குள் அந்த ஊரைத் தாண்ட வேண்டும் என்றால் விடிவதற்கு வெகு முன்பே கிளம்ப வேண்டும்.

சீட்டில் உட்கார்ந்து முன்னங்காலைத் தடவிப் பார்க்கும்போது மா.சுப்பிரமணியன் நினைவுக்கு வந்தார். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராகவும், 2021-இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவராகவும் நாம் அறிந்தவர். சர்க்கரை நோய் உள்ளவர். சாலை விபத்தில் முழங்காலில் பலத்த அடி பட்டவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கி, நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமும் எழுதியிருக்கிறார். நான் கவனித்தது அந்த எண்ணிக்கையை அல்ல. 21 கிலோமீட்டரை முடித்தவர் அடுத்து 42, அடுத்து 80 என்று கூட்டிக்கொண்டே போகவில்லை. அதே 21-ஐ வேறு வேறு ஊர்களில் மறுபடி மறுபடி ஓடினார். முழங்கால் தாங்கும் தூரம் எது என்று கண்டுகொண்டு அதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டார்.

எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா கதை இதைவிடக் கடினமானது. 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி வென்றார். 1964-இல் டோக்கியோவிலும் வென்றார். 1969-இல் கார் விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. அடுத்த வருடமே இங்கிலாந்தில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கான போட்டியில் வில்லை எடுத்தார். அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் மாரத்தானை வென்றவர் அவர். அவருக்கும் ஒருநாள் இலக்கை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. மாற்றிக்கொண்டார்.

தென்காசியில் இறங்கிக் காசி விசுவநாதர் கோயிலுக்கு நடந்தேன். ஒன்பது நிலைக் கோபுரம். அந்த வாசலில் காற்று தள்ளும் தள்ளு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடிவந்து இந்தக் காற்றை வாங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அப்பாவின் பச்சை வேட்டி

குற்றாலத்தில் சீசன் கூட்டம். பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்த முதுகுகளுக்கு நடுவே வரிசையில் நின்று தலையைக் கொடுத்தேன். காது அடைத்து, வேறெந்தச் சத்தமும் இல்லாமல் போனது. நனைந்த உடம்போடு வெளியே வந்து, சங்கு வடிவில் கட்டிய குற்றாலநாதர் கோயிலின் மதிலோரம் உட்கார்ந்தேன்.

அப்பா அங்கேதான் ஞாபகத்துக்கு வந்தார். வருடந்தோறும் தை மாதம் அவர் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடப்பார். ஊரிலிருந்து இருபது பேர் கிளம்புவார்கள். கால் கொப்பளிக்கும். வழியில் யார் வீட்டிலாவது கஞ்சி கொடுப்பார்கள். போய்ச் சேர்ந்து, கடலில் குளித்து, முருகனைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார். வந்ததும் அந்த வேட்டியைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைப்பார். இருபத்திரண்டு வருடம் நடந்தார். திருச்செந்தூர் போயாயிற்றே, அடுத்து என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டு நான் கேட்டதில்லை. அடுத்த தை வரும். வேட்டி வெளியே வரும். அதே ஆட்கள் சேர்வார்கள்.

எனக்கு ஜனவரிக்குப் பிறகு விழுந்த வெறுமை ஏன் என்று அப்போது விளங்கியது. நான் வைத்திருந்த ஆசைக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. அந்த நாள் வந்தது, போய்விட்டது. கூட யாரும் இல்லை, திரும்பி வரும் மாதமும் இல்லை. அப்பாவின் நடைக்கு இரண்டும் இருந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா மெடலைச் சுவரில் மாட்டியிருந்தாள். அப்பாவின் பாதயாத்திரைத் தோள்பை தொங்கிய ஆணி அது. "சும்மாத்தான கெடந்துச்சு அந்த ஆணி" என்றாள். நாடாவில் என் வியர்வையின் உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

அன்றிரவு நோட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:

வரும் தை மாதத்துக்குள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அதற்கு வாரம் ஒருநாள் முந்நூறு மீட்டர் வேக ஓட்டம் ஆறு முறை, நடுவில் மூச்சு சீராகும்வரை நடை. மற்ற நாட்களில் பேச்சு தடைபடாத மெதுவான ஓட்டம். மொத்தத் தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது.

ஒவ்வொரு ஆனியிலும் சிந்தாமணிநாதர் வாசலிலிருந்து குற்றால அருவிக்கு ஓட்டம். இந்த வருடம் மூன்று நாளாகப் பிரித்து. அடுத்த வருடம் ஒரே மூச்சில். மெடல் இல்லை, நேரக் கணக்கு இல்லை. யார் கூட வந்தாலும் சரி.

மூன்றாவது, ஷூ. மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் 600, 700 கிலோமீட்டர் ஓடியதும் ஷூவை மாற்றிவிடுகிறோம். நீண்ட தூரத்துக்கு அதன் மெத்தை போதாது என்றாலும், மண் தரையில் ஐந்து சுற்று ஓட அதில் இன்னும் உயிர் இருக்கிறது. சென்னையில் என்னோடு ஓடுகிறவர்களின் வீடுகளில் அப்படி எத்தனையோ ஜோடி அட்டைப் பெட்டிக்குள் கிடக்கிறது. அவற்றைக் கழுவி, அளவு எழுதி, மாதம் ஒருமுறை ஊருக்கு அனுப்புவது என் பொறுப்பு.

மறுநாள் காலை பஸ் ஏறுமுன் மைதானத்துக்குப் போனேன். பெரியவர் நோட்டைத் திறந்து, கடைசி வரியில் என் பெயரை எழுதி, முதல் கட்டத்தில் 7.38 என்று போட்டார். "மாசாமாசம் வந்து ஒரு தடவ ஓடிட்டுப் போங்க" என்றார். நிச்சயம் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நெடுநாள் ஆசை ஒன்றை முடித்துவிட்டு, காலையில் எதற்கு எழுவது என்று தெரியாமல் படுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடனே பெரிய தூரத்தைத் தேடாதீர்கள். ஒரு மாதம் காலுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு உங்கள் ஊரிலோ, இருக்கும் தெருவுக்குப் பக்கத்திலோ உள்ள மைதானத்துக்கு விடிகாலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒருவர் விசிலும் நோட்டும் வைத்துக்கொண்டு நிற்பார். உங்கள் பெயரையும் அந்த நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.